சமையல் மேடைக்கு வெயில் காட்டிய கதை

1

ஊரில் வாடகை வீட்டின் சொந்தக்காரர் வீட்டைப் பார்க்க வந்தால் என்ன நடக்கும்? வாசலில் நின்று, "எல்லாம் சவுரியமா இருக்குல்லா?" என்பார். குழாய் ஒழுகுகிறது என்று நாம் சொல்வோம். "பாப்பம், பாப்பம்" என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போவார். குழாய் அதன் பாட்டுக்கு ஒழுகும்.

இந்த மெல்பர்னில் அப்படி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாடகை முகவர் அலுவலகத்திலிருந்து ஆள் வரும். கையில் ஒரு கணினிப் பலகை. அடுப்பைத் திறந்து படம் எடுப்பார்கள். கழிப்பறையைப் படம் எடுப்பார்கள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள். என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை படம் எடுக்கவில்லை. எடுத்த நாலைந்திலும் இவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

இந்த முறை மின்னஞ்சல் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. அடுத்த வெள்ளி பத்தரை மணிக்கு வருகிறோம் என்றது முதல் பத்தி. அது பழகிப்போன பயம்தான். இரண்டாவது பத்திதான் புதிது: இந்தச் சோதனையின் அறிக்கையைப் பார்த்த பிறகே, உங்கள் குத்தகையை நீட்டிப்பதா வேண்டாமா என்று உரிமையாளர் முடிவு செய்வார்.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் செல்வி, களக்காட்டுக்காரி. இங்கே ஒரு மருந்துக் கடையில் விற்பனைப் பக்கம் நிற்கிறேன். இவர் பெயர் சுடலைமுத்து, திசையன்விளைக்காரர். நகரப் பேருந்து ஓட்டுகிறார். மகள் கோமதி பன்னிரண்டாம் வகுப்பு, இறுதித் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம். இந்தப் புரட்டாசியோடு நாங்கள் இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. அதைக் கொண்டாடக் கூட்டாஞ்சோறு ஆக்கலாம் என்று முருங்கைக்கீரைக்கு அலைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் இந்த மின்னஞ்சல்.

வீட்டிலிருந்து கோமதியின் பள்ளிக்கு நடந்தால் எட்டு நிமிடம். இந்த வீடு போனால் எங்களுக்குக் கட்டுப்படியாகிற வீடெல்லாம் நகரத்தின் விளிம்பில்தான் இருக்கிறது. இரண்டு ரயில், ஒரு பேருந்து. தேர்வு நேரத்தில் பிள்ளை வழியிலேயே பாதி நாளைக் கழிக்க வேண்டும். வீடு தேடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு வீட்டைப் பார்க்க முப்பது பேர் வரிசையில் நிற்போம். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம், மனதுக்குள் மற்ற இருபத்தொன்பது பேருக்கும் வயிற்றுப்போக்கு வரட்டும் என்று வேண்டிக்கொள்வோம்.

"பயப்படாத. வீட்ட அப்படியே சுத்தமா வச்சிருவோம்" என்றார் இவர். அதைச் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

2

நடந்தது புரிய, இவருக்கும் மஞ்சளுக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டும்.

மஞ்சளைப் பற்றி இவருக்கு வந்த ஞானம் ஊரில் வந்ததல்ல. சின்ன வயதில் இருமல் வந்தால் என் மாமியார் மஞ்சள்பொடியும் மிளகும் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுப்பாராம். இவர் அதைப் பின்வாசலுக்குக் கொண்டுபோய் முருங்கை மரத்து மூட்டில் ஊற்றிவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு வருவாராம். அந்த முருங்கைக்கு ஒருநாளும் இருமல் வந்ததில்லை என்று மாமியார் இப்போதும் சொல்வார்.

இங்கே பேருந்துப் பணிமனையில் ஒரு நாள், வயதான ஓட்டுநர் ஒருவர் இவரைக் கூப்பிட்டு, "நீங்களெல்லாம் மஞ்சள் சாப்பிடுகிறவர்கள்தானே, என் முழங்காலுக்கு அதை எப்படிச் சாப்பிட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். வந்ததிலிருந்து இவரிடம் யாரும் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை, நான் உட்பட. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் வேறு ஆளாக வந்தார். முழங்காலா, மஞ்சள். சளியா, மஞ்சள். தூக்கம் வரவில்லையா, மஞ்சள். மனைவி பேச்சைக் கேட்கவில்லையா, அதற்கும் ஒரு சிட்டிகை. பணிமனையோடு நின்றால்கூடப் பரவாயில்லை. நிறுத்தத்தில் ஏறுகிற கிழவிகளுக்கும் வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்.

என் கடையில் ஒரு தட்டு முழுக்க மஞ்சள் மாத்திரைதான். எங்கள் மருந்தாளர் அம்மா அளந்து பேசுகிறவர். ஒரு நாள் அவரிடமே கேட்டேன். சமையலில் போடுகிற மஞ்சள் நல்லதுதான், பயமில்லாமல் சாப்பிடலாம் என்றார். மூட்டுவலியில் சிலருக்குக் கொஞ்சம் இதமாக இருப்பதாகச் சொல்கிறார்கள், ஆனால் சத்தியம் செய்ய முடியாது என்றார். குப்பியில் அடைத்து வருவது சமையல் சிட்டிகையைப்போலப் பல மடங்கு. அது சிலருக்கு ஈரலைப் படுத்திவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. இதை நான் வீட்டில் வந்து சொன்னேன்.

"ஒங்க கடக்காரிக்கு என்ன தெரியும்? மஞ்சப்பால் குடிச்சு வளந்த ஒடம்பு இது" என்றார்.

"முருங்கதான குடிச்சு வளந்துச்சு" என்றேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

எனக்கு மஞ்சள்மேல் கோபமில்லை. மஞ்சள் இல்லாமல் எனக்குச் சமைக்கத் தெரியாது. பருப்பு வேகும்போதே போட்டுவிட வேண்டும், இறக்கும்போது போட்டால் பச்சை வாடை அடிக்கும். மீனைக் கழுவினால் உப்பும் மஞ்சளும் தடவிக் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். கை தாராளமாகிவிட்டால் கசந்துபோகும். மிளகும் எண்ணெயும் கூடச் சேர்ந்தால்தான் மஞ்சள் உடம்பில் ஒட்டும் என்று எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பெரிய ரகசியம்போலக் குசுகுசுக்கிறார்கள். நம் வீட்டில் மிளகும் எண்ணெயும் இல்லாமல் எது இறங்கியிருக்கிறது?

எங்கள் வீட்டு மஞ்சள் களக்காட்டிலிருந்து வருவது. என் அண்ணன் பரமசிவன் அங்கே மாவு மில் வைத்திருக்கிறான். விரலி மஞ்சள் வாங்கிக் காயவைத்து அவனே அரைத்துத் தருவான். போன முறை நான் இரண்டு கிலோ கொண்டுவந்தபோது விமான நிலையத்தில் ஓர் அதிகாரி பொட்டலத்தைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். எதற்கு என்று சொல்வது? சோற்றுக்கு, மீனுக்கு, முகத்துக்கு, வெட்டுக்காயத்துக்கு, வாசற்படிக்கு, தாலிக்கயிற்றுக்கு, பிள்ளையார் பிடிக்க. படிவத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'உணவு' என்று எழுதிக் கொடுத்தேன். கையுறையெல்லாம் மஞ்சளாக அவர் என்னை வெளியே விட்டார்.

3

அந்தச் சனிக்கிழமை இவர் பணிமனை நண்பர்களுக்காக மஞ்சள் விழுது தயாரித்துக்கொண்டிருந்தார். மஞ்சள்பொடி, மிளகு, தேங்காயெண்ணெய், கொதிக்கக் கொதிக்க வெந்நீர். அத்தனையையும் மிக்ஸியில் போட்டார். சூடான எதையும் மிக்ஸியில் போட்டால் மூடியை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது சமையல் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். இவர் மூடியை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு, மறு கையால் கைப்பேசியில் நண்பருக்குச் செய்முறையைப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

மூடி கூரைக்குப் போனது. மஞ்சள் மேடைக்குப் போனது.

எங்கள் சமையல் மேடை பால் வெள்ளை. பளிங்குக்கல் என்று நம்பித்தான் குடிவந்தோம். பிறகுதான் தெரிந்தது, கல்லைப்போலத் தோற்றம் தருகிற பலகை. சுவரையும் கூரையையும் அடுப்பையும் துடைத்து எடுத்துவிட்டோம். மேடை மட்டும் மாரியம்மன் கோயில் படித்துறைபோல நின்றது.

இந்த இடத்தில்தான் நான் என் வாழ்நாளின் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். பதற்றத்தில் சோப்புத்தூளை அள்ளிக் கொட்டி, தண்ணீர் விட்டுத் தேய்த்தேன்.

மேடை சிவந்தது. சும்மா சிவக்கவில்லை. சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் கிடா வெட்டின இடம்போல ரத்தச் சிவப்பாகச் சிவந்தது.

மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கும், அதுதான் ஆரத்தி. சோப்பும் காரம்தான், அதற்கும் சிவக்கும். குடும்பத்தில் எந்தக் கல்யாணம், எந்தச் சடங்கு என்றாலும் ஆரத்தி கரைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். செல்வி கைக்கு நல்ல சிவப்பு வரும் என்பார்கள். அந்தக் கைராசி பதினோரு வருடம் கழித்து ஒரு வெள்ளை மேடையில் வேலை செய்தது.

சத்தம் கேட்டு கோமதி அறையிலிருந்து வந்தாள். மேடையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். அப்பாவின் சட்டையைப் பார்த்தாள்.

"யாரை வெட்டினீங்க?" என்றாள்.

பிறகு அவளே குளிர்பெட்டியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழிந்தாள். சிவப்பு மறுபடி மஞ்சளானது. காரத்துக்குச் சிவப்பு, புளிப்புக்கு மஞ்சள், வேதியியல் பாடத்தில் போன மாதம்தான் செய்து பார்த்தோம் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

4

அண்ணனைக் கூப்பிட்டேன். ஊரில் காலை நேரம், மில் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது.

"அண்ணே, மஞ்ச கொட்டிட்டு."

"கொட்டிட்டா என்னட்டி? இன்னும் ரெண்டு கிலோ குடுத்து விடுதேன்."

"மேடையில கொட்டிட்டுண்ணே. வெள்ள மேட. கற போகவே மாட்டேங்கு."

"என்னத்தப் போட்டுத் தொடச்ச?"

"சோப்புத்தூளு."

அண்ணன் மில்லை நிறுத்திவிட்டு வந்தான்.

"ஏட்டி, எத்தன கல்யாணத்துக்கு நீ ஆரத்தி கரச்சிருக்க?"

"தெரியாமப் போட்டுட்டேம்ண்ணே. இப்பம் என்ன செய்ய?"

"வெயில்ல போடு. ரெண்டு நாள்ல இருந்த எடம் தெரியாமப் போயிரும்."

"மேடைய எப்படிண்ணே வெயில்ல போட?"

"கழத்தி வெளிய கொண்டா."

"வாடக வீடுண்ணே. ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது."

"அப்பம் வெயில உள்ள கொண்டா. எங்கிட்ட வந்து கேக்கா பாரு, கூறுகெட்ட மூதி."

அண்ணன் சொன்னது சரிதான். மஞ்சளுக்கு ஒரே எதிரி வெயில். மஞ்சள் நீர் ஊற்றி விளையாடிய வேட்டியெல்லாம் களக்காட்டு மொட்டைமாடியில் ஒரு பகல் கிடந்தால் வெளுத்துவிடும். அதனால் ஊரில் மஞ்சள் கறைக்காக யாரும் அழுது நான் பார்த்ததில்லை. மஞ்சளுக்காகச் சண்டை நடப்பது அண்ணன் மில்லில் மட்டும்தான். மஞ்சள் அரைத்த கல்லில் அடுத்து யார் அரைத்தாலும் அவர்கள் மாவு மஞ்சளாகத்தான் வரும். அண்ணன் ஒரு பிடி தவிட்டைப் போட்டு ஓட்டுவான், இருந்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால் நிற்பவர் பையை எட்டி எட்டிப் பார்ப்பார்கள். மஞ்சள் இருப்பது தெரிந்தால், "நீங்க முன்ன போங்க, எனக்கு அவசரமில்ல" என்பது மாறி, "நான் முன்ன போறேன், அடுப்புல ஒல வச்சிருக்கேன்" என்று ஆகிவிடும். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டு இடியாப்ப மாவு மஞ்சளாகப் போய், மாப்பிள்ளை வீட்டார் அதை எலுமிச்சை இடியாப்பம் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அண்ணன் தப்பித்தான்.

இந்தப் பேச்சையெல்லாம் இவர் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கேலியாகச் சொன்ன 'வெயில உள்ள கொண்டா' இவருக்கு மட்டும் வேதவாக்காகப் பட்டது.

"மச்சான் சொல்லுதது சரிதான். வெயில உள்ள கொண்டாந்துருவோம்" என்றார்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சமையலறைச் சன்னல் திரையைக் கழற்றினார். சன்னலைத் திறந்தார். ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"தெக்க பாத்த சன்னல். வெயில் இப்பம் வந்து விழும் பாரு."

பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. வெளியே நல்ல வெயில். சன்னலுக்குள் ஒரு துளிகூட வரவில்லை. இவர் எழுந்து தலையை வெளியே நீட்டி வானத்தை ஒரு தடவை பார்த்தார். சூரியன் எங்களை ஏமாற்றுகிறது என்பதுபோல ஒரு பார்வை.

கோமதி தட்டைக் கழுவ வந்தாள்.

"அப்பா, என்ன செய்யுதீங்க?"

"வெயிலுக்குக் காத்திருக்கேன்."

"இந்த நாட்டில் சூரியன் வடக்கேதான் சாயும். தெற்குச் சன்னலுக்கு இந்த மாதத்தில் வெயில் வரவே வராது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிள்ளைக்குப் பாடம் நடத்துவதுபோல நிதானமாகச் சொன்னாள்.

பதினோரு வருடம் இந்த ஊர்ச் சாலையில் பேருந்து ஓட்டுகிற மனிதர். எந்தத் தெரு எங்கே முட்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சூரியன் மட்டும் இன்னும் திசையன்விளைச் சூரியனாகவே இவர் தலைக்குள் இருந்திருக்கிறது. எனக்கும் அப்படித்தான்.

பிறகு வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. பின்பக்க வேலி, வீட்டு நிழலைத் தாண்டி நல்ல வெயிலில் இருக்கிறது. அங்கே கண்ணாடி வைத்தால் வெளிச்சம் திரும்பிச் சன்னலுக்குள் வரும். கோமதியின் ஆளுயரக் கண்ணாடி, என் சீப்பு வைக்கிற கண்ணாடி, போதாததற்கு என் கல்யாணச் சீர்வரிசை எவர்சில்வர் தாம்பாளம் நான்கு. இவர் தாம்பாளங்களை வேலியில் துணிமாட்டும் கவ்விகளால் தொங்கவிட்டார். வேலி, கோயில் கொடைக்குச் சோடித்ததுபோல ஆனது.

பக்கத்து வீட்டு டோனி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஓய்வு பெற்ற மனிதர், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"உங்கள் வீட்டிலிருந்து என் படுக்கையறைக்குச் சூரியன் வருகிறது. ஏதாவது பிரச்சினையா?"

இவருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால் பதற்றம் வந்தால் வாக்கியம் தமிழிலிருந்து அப்படியே குதிக்கும். "நாங்கள் அடுக்களையைக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

டோனி உள்ளே போனார். பழைய அலமாரிக் கதவு ஒன்றைக் கண்ணாடியோடு தூக்கிக்கொண்டு வந்து வேலிக்கு மேலாகக் கொடுத்தார். மேலே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

6

கோமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் பள்ளியில் யாரோ, உன் விரல் நகம் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து சோற்றைக் கையால் தொடுவதில்லை. கூட்டாஞ்சோற்றை முள்கரண்டியால் குத்திச் சாப்பிடுவாள். தாளிக்கிற நேரத்தில் தன் அறைக் கதவின் அடியில் துண்டைச் சொருகிவிடுவாள். வெள்ளிக்கிழமை முகத்துக்குக் கொஞ்சம் மஞ்சள் பூசு என்று நான் கெஞ்சினால், அது காட்டுமிராண்டித்தனம் என்பாள். போன வருடம் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் கைப்பேசிக் காணொளியில் சொன்னாள் என்று, என்னிடம் சொல்லாமல் அதே மஞ்சளைத் தயிரில் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டாள். கஸ்தூரி மஞ்சள் எது, சமையல் மஞ்சள் எது என்று தெரிந்தால்தானே? மூன்று நாள் முளைப்பாரி அம்மன்போலப் பள்ளிக்குப் போய் வந்தாள். நான் சிரிக்கவில்லை. குளியலறைக்குள் போய்ச் சிரித்தேன்.

அந்தக் கோமதிதான் இந்த வாரம் கண்ணாடிகளுக்குத் தளபதியானாள். எந்த நேரத்தில் எந்தக் கண்ணாடி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று படம் போட்டுச் சுவரில் ஒட்டினாள். பள்ளிவிட்டு வந்ததும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிப்போய்த் தாம்பாளத்தைத் திருப்பினாள். மெல்பர்ன் வானம் அவ்வளவு நல்ல வானம் அல்ல. ஒரு நிமிடம் வெயில், மறுநிமிடம் மேகம், அதற்கடுத்து மழை. "வந்துட்டு, வந்துட்டு, திருப்பு" என்று இவர் உள்ளேயிருந்து கத்துவார். அவள் திருப்புவதற்குள் போய்விடும்.

புதன்கிழமை அவளுடைய மேசையை நான் துடைக்கும்போது ஒரு தாளைப் பார்த்தேன். நகர விளிம்பிலிருந்து பள்ளிக்கு வரும் ரயில்களின் நேரம். விடிவதற்கு முன்னால் கிளம்புகிற முதல் ரயிலின் அடியில் கோடு போட்டிருந்தாள். இந்தப் பிள்ளைக்கு எதைப் பற்றியும் கவலையில்லை, கதவை மூடிக்கொண்டு கைப்பேசியைப் பார்க்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். என் வாயை நானே அடிக்க வேண்டும்போல இருந்தது. தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அன்று நானும் ஒரு தாம்பாளத்தைத் திருப்பினேன்.

7

வெள்ளிக்கிழமைக்குள் மேடை கிட்டத்தட்ட வெளுத்துவிட்டது. கழுவுதொட்டிக்குப் பக்கத்தில், எந்தக் கண்ணாடியும் எட்டாத ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு இளமஞ்சள் மிச்சமிருந்தது. அம்மியைத் தூக்கி அதன்மேல் வை என்றான் அண்ணன். எங்களிடம் அம்மி இல்லை, இவர்தான் இருந்தார். சோதனை முடியும்வரை மேடையில் சாய்ந்தபடி உள்ளங்கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு நிற்பது என்று முடிவானது. கோமதிக்கு அன்று பள்ளி இல்லை, தேர்வுக்குப் படிக்கும் விடுமுறை.

வந்த பெண்ணின் பெயர் எமிலி. இருபத்தைந்து வயதிருக்கும். சிரித்த முகம். அறை அறையாகப் படம் எடுத்துக்கொண்டு கடைசியாகச் சமையலறைக்கு வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா? படத்தில் விழுகிறீர்கள்."

இவர் தள்ளி நின்றார். உடம்பு மட்டும்தான் தள்ளியது, கை அங்கேயே இருந்தது. கையை விடாமல் உடம்பை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு தூரம் சாய்ந்து நின்றார்.

"உங்களுக்கு ஏதாவது செய்கிறதா?" என்றாள் எமிலி, பயந்துபோய்.

"முழங்கால் வலி" என்றார் இவர்.

"அடடா. மஞ்சள் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?"

நான் அடுப்பைப் பார்த்தேன். கோமதி கூரையைப் பார்த்தாள்.

"மஞ்சளா?" என்றார் சுடலைமுத்து. "கேள்விப்பட்டதே இல்லை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூரையில் தேங்காயெண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை, மனிதர் மஞ்சளைத் தெரியாது என்கிறார். வீட்டுக்காக இவர் அன்று எதை வேண்டுமானாலும் மறுத்திருப்பார்.

எமிலி கணினிப் பலகையைக் கீழே வைத்துவிட்டு உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினாள். "என் அம்மா ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை சாப்பிடுகிறார். இதயத்தில் அறுவை செய்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அதோடு இதையும் சேர்த்துச் சாப்பிடுகிறார். அவர் போகிற பேருந்தின் ஓட்டுநர் ஒருவர் சொன்னாராம். இந்தியர். அந்த மனிதருக்கு மஞ்சளைப் பற்றித் தெரியாததே இல்லையாம்."

நானும் கோமதியும் இவரைப் பார்த்தோம்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஐந்து நிமிடத்தில் அவள் போய்விடுவாள். படம் நன்றாக வந்திருக்கும். கோமதி அந்த முதல் ரயிலில் ஏற வேண்டியதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த அம்மாளுக்கு மூக்கில் ரத்தம் வழிந்து நிற்காமல் போனால்? தெரிந்தும் சொல்லாமல் விட்டேன் என்று என்னால் கடையில் போய் நிற்க முடியாது.

"அந்த மருந்தோடு மஞ்சள் மாத்திரை கூடாது, எமிலி. ரத்தம் நிற்காமல் போகலாம். இன்றைக்கே மருத்துவரைக் கேட்கச் சொல். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை."

அவள் முகம் மாறியது. இவர் முகம் அதைவிட மாறியது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஓட்டுநர் நான்தான்" என்றார்.

இரண்டு கையும் தலையில் இருந்தன. மேடையில் மஞ்சள் திறந்து கிடந்தது.

எமிலி அங்கேயே நின்று அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். இன்றைக்கு அந்த மாத்திரையைச் சாப்பிடாதே, மருத்துவரிடம் பேசு என்று சொன்னாள். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "உன் பேருந்து ஓட்டுநரே சொல்லிவிட்டார்" என்றாள். பிறகு போனை வைத்தாள். மேடையின் மூலைக்குப் போய்க் குனிந்தாள். விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். படம் எடுத்தாள். இரண்டு படம். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு மூடியதும் கோமதி அழுதாள். நான் சொன்னது தப்பா என்று அவளிடம் கேட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சொல்லாம இருந்திருந்தாதான் தப்பு" என்றாள். அதற்குப் பிறகு இவர் அழுதார்.

8

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் யாருக்கும் பசியில்லை. திங்கட்கிழமை இவர் பணிமனையில் எல்லாரையும் கூப்பிட்டு, நான் சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள், முதலில் மருத்துவரைக் கேளுங்கள் என்று அறிவித்திருக்கிறார். அதையும் அவர்கள் ஒரு வைத்தியக் குறிப்பாகவே எடுத்துக்கொண்டார்களாம். எமிலியின் அம்மா செவ்வாய்க்கிழமை பேருந்தில் ஏறினார். மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார் என்றும், சமையலில் போட்டுக்கொள்ளத் தடையில்லை என்றும் சொல்லி, பருப்புக்கு எப்போது மஞ்சள் போட வேண்டும் என்று கேட்டாராம். "வேகும்போதே போட வேண்டும், என் மனைவி சொல்வாள்" என்றாராம் இவர். என் பெயரால் சொன்ன முதல் வைத்தியம்.

புதன்கிழமை அறிக்கை வந்தது. கோமதிதான் திறந்து வாசித்தாள். கதவு நன்று, தரைவிரிப்பு நன்று, அடுப்பு நன்று, பின்வேலியில் தட்டுகள் ஏன் தொங்குகின்றன என்று தெரியவில்லை. சமையலறைக்கு வந்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. பிறகு மெல்ல வாசித்தாள்: "மேடையின் மூலையில் இளமஞ்சள் அடையாளம். மனிதர்கள் குடியிருக்கும் வீட்டில் இருப்பதுதான். நடவடிக்கை தேவையில்லை." அதற்குக் கீழே, குத்தகை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டிக்கப்படுகிறது என்று இருந்தது.

இந்த நாட்டில் பதினோரு வருடமாக எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். தற்காலிகமாகத் தங்குகிறவர்கள், நிபந்தனையோடு தங்குகிறவர்கள், விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள் என்று எங்களுக்கு என்னென்னவோ பெயர் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் இங்கே குடியிருக்கிறோம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்த முதல் தாள் இதுதான்.

கோமதி அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாள்.